வெள்ளம் வந்த பிறகு மரவள்ளி நட முடியாது



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் இரண்டு தெருக்களிலும் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பது பதினாறு வீடுகள். அதில் பதினொரு வீட்டில் மண்வெட்டி பிடிப்பது பெண்கள். பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறோம், தையல் தைக்கிற ராத்தாமார் இருக்கிறார்கள், பென்சன் எடுத்த காக்காமார் இருக்கிறார்கள். எல்லாரும் பேசி முடிவெடுத்ததை எங்கள் எல்லார் பெயரிலும் எழுதுகிறோம்.

எங்களைப் பார்த்து ஊரில் மூன்று விதமான பேச்சு இருக்கிறது.

முதலாவது பேச்சு: "கடையில நூறு ரூவாக்கிக் கீரக்கட்டு கெடைக்கி. என்னத்துக்கு டீச்சர் இந்த மெனக்கேடு?"

இரண்டாவது பேச்சு மேடையில் வரும். "ஒவ்வொரு வீடும் தன்னிறைவு அடைந்துவிட்டால் நாட்டில் பஞ்சம் என்ற சொல்லே இருக்காது." கைதட்டல். பிறகு ஆளுக்கொரு கத்தரிக்கன்று. பிறகு போட்டோ.

மூன்றாவதை யாரும் வாயால் சொல்வதில்லை, கையால் செய்கிறார்கள். அறை நிறைய அரிசி மூட்டை, ஐந்து கேஸ் சிலிண்டர், ஆளுயரத்துக்கு மேல் மதில், கேட்டுக்குப் பூட்டு. "எங்க வீட்டுக்கு ஒரு வருசத்துக்குப் போதும்."

மூன்றும் வேறு வேறு போலத் தெரியும். உள்ளே ஒரே எண்ணம்தான்: கஷ்டம் வந்தால் அவரவர் வீடு அவரவர் பாடு. இந்த எண்ணத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. எந்த வீடும் தனியாகத் தன்னிறைவு அடையாது. ஆனால் ஒரு ஊர் தாக்குப்பிடிக்க முடியும். அதற்கான வேலையைக் கஷ்டம் வருவதற்கு முந்திய மாதங்களில் செய்ய வேண்டும். இவ்வளவுதான் நாங்கள் சொல்ல வந்தது. இனிக் கணக்கைப் பார்ப்போம்.

தன்னிறைவுக் கணக்கு

எங்களில் பலருக்கு 10 பேர்ச்சஸ் வளவு. ஒரு ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ். நல்ல வெள்ளாமையில் ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு பேர்ச்சஸுக்கு பன்னிரண்டரைக் கிலோ. வீட்டையும் குசினியையும் இடித்துவிட்டு வளவு முழுக்க நெல் விதைத்தாலும் 125 கிலோ நெல். குற்றினால் 80 கிலோ அரிசி தேறும். இந்நாட்டில் ஒரு ஆள் வருடத்துக்குச் சாப்பிடுவது ஏறத்தாழ 100 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 500 கிலோ வேண்டும். ஆக, வீட்டை இடித்து விதைத்த நெல் இரண்டு மாதத்துக்கும் வராது.

இது ஆறாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. மேடையில் பேசுகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் பேசுகிறார்கள்? பொறுப்பை உங்கள் வளவுக்குள் தள்ளிவிட்டால் அவர்களுடைய கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக.

நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியில் நிறுத்தினார்கள். அதே வருடம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது, அந்தப் போக விளைச்சல் விழுந்தது. பிறகு டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, கேஸ் இல்லை, பால்மா இல்லை. 2022 ஜூன் மாதம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அமைச்சரவை தீர்மானித்தது. கூட்டெரு போட்டுத் தோட்டம் செய்கிற எங்களுக்குச் சேதனப் பசளையில் ஒரு விரோதமும் இல்லை. ஆனால் ஒரு கிடங்கு கூட்டெரு பழுக்கவே மூன்று மாதம் வேண்டும். நாடு முழுவதையும் ஒரே போகத்தில் மாற்றலாம் என்று சொன்னவர்கள் ஒரு கிடங்காவது வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

எனவே யாராவது "நீங்க தோட்டம் செய்யல்ல, அதனாலதான் பசி" என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பசிக்கான காரணம் கொள்கை, கடன், விலை. அதற்கான கேள்வியை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்க வேண்டும். வெண்டிக்கன்று அதற்குப் பதில் சொல்லாது.

அப்படியென்றால் தோட்டம் எதற்கு?

கடையில் நூறு ரூபாய்க்குக் கீரை கிடைக்கிறது என்கிற முதலாவது ஆட்களுக்கு இப்போது வருகிறோம். கிடைக்கிற நாளில் கிடைக்கும். கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியதை அந்த மாதம் 195 ரூபாய்க்கு வாங்கினோம். சம்பளம் அப்படியே நின்றது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதைகள் மண்சரிந்து மூடின. கரட்டும் போஞ்சியும் லீக்ஸும் அந்தப் பாதைகளால்தான் நம் சந்தைக்கு வருகின்றன. கையில் காசு இருந்தவனுக்கும் வாங்குவதற்குச் சாமான் வேண்டுமே.

அந்த மாதிரி நாட்களில் தோட்டம் சோற்றைத் தராது. கறியைத் தரும். முருங்கையிலைச் சொதி, பொன்னாங்காணிச் சுண்டல், அவித்த மரவள்ளியும் கொச்சிக்காய்ச் சம்பலும், பப்பாசிக்காய்க் கறி, ஒரு தேசிக்காய். சின்னப் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வெறும் சோற்றில் கிடைக்காத சத்து அதில் இருக்கிறது. கறிக்குப் போகும் காசு மிஞ்சினால் அது அரிசிக்கும் மருந்துக்கும் போகும். சின்ன விசயம்தான். ஆனால் மூன்று கிழமையைக் கடக்க சின்ன விசயங்கள்தான் உதவும்.

இன்னொன்றும் தரும்: பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒரு சாமான். மதிலுக்கு மேலால் ஒரு பிடி கீரை போன வீட்டுக்குத்தான் கஷ்ட நாளில் "ராத்தா, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று குரல் கொடுக்க வாய் வரும்.

காலம் யாருக்காகவும் நிற்காது

கங்குனும் கீரையும் 25 முதல் 30 நாள். வெண்டி காய்க்க ஒன்றரை மாதம். பயிற்றங்காய் இரண்டு மாதம். வற்றாளைக் கிழங்கு மூன்றரை, நான்கு மாதம். மரவள்ளி எட்டு, பத்து மாதம். வாழை ஒரு வருடம். ஈரப்பலாவும் தென்னையும் ஐந்தாறு வருடம். விதை போட்டு முளைத்த பலா அதைவிடவும் கூட.

2022 ஜூனில் அவசரமாக நட்ட மரவள்ளி 2023 பிறந்த பிறகுதான் கிளப்புகிற பருவத்துக்கு வந்தது. வரிசையில் நின்ற மாதங்களில் அது வெறும் தடி. அன்றைக்குச் சாப்பிட்டது யார்? 2021 இல், எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தபோது நட்டவர்கள். கஷ்டம் வந்த பிறகு தொடங்குகிற தோட்டம் அடுத்த கஷ்டத்துக்குத்தான் உதவும். அந்த அடுத்த கஷ்டம் வருவதற்குள் மரவள்ளி இருந்த இடத்தில் கல் பதித்துவிடுகிறார்கள். இதுதான் எங்களைக் கோபப்படுத்துகிறது.

1970 முதல் 1977 வரையான காலத்தை மூத்தம்மாமாரிடம் கேளுங்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பாணுக்கு வரிசை, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. மரவள்ளியும் வற்றாளையும் அந்தச் சமையலறைகளில் எத்தனை நாள் இரவுச் சாப்பாடாக இருந்தன என்று சொல்வார்கள். அதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடச்சொல்லிப் பெரிய பிரசாரம் செய்தவர். சிங்கள மக்கள் அவரை இன்றும் 'கொஸ் மாமா' என்று நன்றியோடு சொல்கிறார்கள். அவர் நடவைத்த மரங்களில் தாம் நட்டதன் பழத்தைத் தாமே சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நட்டவர் ஒருவர், சாப்பிடுகிறவர் இன்னொருவர். மரம் நடுவது என்றாலே அப்படித்தான்.

மூட்டை அடுக்குகிறவர்களுக்கு

இவர்கள் மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். "குடும்பத்துக்கு ஒரு வருடச் சாப்பாடு சேமிக்க அனுமதி இருக்கு" என்கிறார்கள். இருக்கிறது. யார் மறுத்தது? தன் வயலில் விளைந்ததை, எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்கிற காலத்தில் ஒதுக்கிவைப்பது சேமிப்பு. கடையில் கடைசி இருபது கிலோ இருக்கும்போது, பின்னால் நிற்கிற கூலிக்காரனுக்கு இரண்டு கிலோவும் மிஞ்சாமல் அள்ளிக்கொண்டு போவது சேமிப்பா? விலை ஏறட்டும் என்று பூட்டிவைப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று எந்த ஆலிமிடமும் கேட்டுப்பாருங்கள்.

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைக் குத்பாவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! செழிப்பான ஏழு வருடத்தில் தானியத்தைக் கதிரோடு விட்டுச் சேமித்தது யாருக்காக? ஒரு வீட்டுக்காக அல்ல, ஒரு நாட்டுக்காக. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் அதிலிருந்து அளந்து கொடுக்கப்பட்டது. உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த செய்தியும் நமக்குத் தெரியும். இவை நம்முடைய அனர்த்த முகாமைத்துவப் பாடங்கள். மதிலும் பூட்டும் எந்தப் பாடத்திலிருந்து வந்தன?

மார்க்கத்தை விடுங்கள், வெறும் புத்தியோடு யோசித்தாலும் இது நிற்காது. நாம் கடலோரத்து ஆட்கள். 2004 டிசம்பர் 26 ஐ இந்தக் கரையோரத்துக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. அன்றைக்கு எத்தனை வீட்டின் அரிசி மூட்டை மிஞ்சியது? ஒரே வீட்டில் அடுக்கியது ஒரே அலையில் போகும். பத்து வீட்டில், கடற்கரையிலிருந்து வயற்கரை வரை பிரித்து வைத்தது முழுவதும் போகாது. விதைக்கும் இதே கதைதான். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புப் பக்கத்துத் தென்னைகளை முறித்துப் போட்டது. புயல் மரத்தைச் சாய்க்கும், மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு தப்பும். வெள்ளம் வந்தால் கிழங்கு அழுகும், மேட்டு வளவு முருங்கை தப்பும். எல்லாவற்றுக்கும் தப்புகிற ஒரு பயிர் இல்லை, எல்லாவற்றுக்கும் தப்புகிற ஒரு வளவும் இல்லை. பள்ள வளவுக்காரனுக்கு மேட்டு வளவுக்காரன் வேண்டும். மூட்டை அடுக்குகிறவர் மறக்கிறது இதைத்தான்.

தண்ணீர்

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். ஆனால் முதலில் முடிகிறது தண்ணீர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், நாடே கரண்ட் இல்லாமல் நின்றது. கரண்ட் நின்றால் மோட்டர் நிற்கும். மோட்டர் நின்றால் தாங்கி முடியும். தாங்கி முடிந்தால் எட்டிப் பார்க்கக் கிணறு வேண்டும். நம் தெருக்களில் வாளி போட்டு அள்ளக்கூடிய திறந்த கிணறு எத்தனை மிச்சம்? நாங்கள் நடந்து எண்ணினோம். இரண்டு தெருவிலுமாக ஏழு. மற்றவை கொங்கிரீட் பிளேட் போட்டு மூடி, மேலே கார் நிற்கிறது.

சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உப்பாகின. அவசரப்பட்டு மோட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் கீழே இருந்த உப்புநீரும் மேலே வந்தது. மணல் தரையின் நன்னீர் மழையால் வருகிற மெல்லிய படை. மழை மண்ணுக்குள் இறங்கினால்தான் அது திரும்ப நிறையும். வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால் மழை எங்கே இறங்கும்? உங்கள் கல்லில் விழுந்த தண்ணீர் என் குசினிக்குள் வரும். 2024 நவம்பர் வெள்ளத்தில் இந்தக் கரையோரமே தத்தளித்ததையும், மாவடிப்பள்ளியில் நாம் இழந்த பிள்ளைகளையும் இந்த ஊர்களில் யார் மறப்பார்? அந்த வெள்ளம் வளவுக் கல்லால் வந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மாரிக்கு மாரி தெருவில் தேங்குகிற தண்ணீருக்கு நாம் பதிக்கிற கல்லும் ஒரு காரணம்.

இப்போது, இந்தப் பதிவை எழுதவைத்த விசயத்துக்கு வருகிறோம்.

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் பின்வளவில் ஒரு கிணறு, இரண்டு தென்னை, ஒரு ஈரப்பலா, கொஞ்சம் வெறும் மண் இருக்கிறது. கிணற்றை மூடி, ஈரப்பலாவை வெட்டி, கல் பதித்து, வாகனம் நிறுத்த இடம் எடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. நம்பிக்கையாளர் சபையில் இருக்கிறவர்கள் எங்கள் மரியாதைக்குரியவர்கள். ஜும்ஆவுக்கு வாகனம் நிறுத்த இடமில்லை என்ற கஷ்டமும் உண்மை. ஆனால் வாகனத்துக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம் பாடசாலை மைதானத்தைக் கேட்கலாம். கிணற்றுக்கு யாரைக் கேட்பது? மின்வெட்டு நாட்களில் வுழூச் செய்யத் தண்ணீர் தந்தது அந்தக் கிணறு. ஈரப்பலா ஒரு போகத்தில் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று பள்ளிவாசல் முஅத்தின் சொல்வார். அதை வெட்ட அரை நாள் போதும். திரும்ப உண்டாக்க ஐந்தாறு வருடம் வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஐந்து. ஐந்துக்கும் பெரிய காசு தேவையில்லை.

1. பள்ளிவாசல் கிணறு மூடப்படக் கூடாது. கயிறும் வாளியும் போட்டு, சுற்றுக்கட்டைத் திருத்தி, தெருவின் பொதுக் கிணறாக வைக்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒரு கிணறாவது இருக்க வேண்டும்.

2. ஈரப்பலாவை விட்டுவைத்து, வெறும் மண்ணில் முருங்கையும் மரவள்ளியும் நட வேண்டும். பராமரிப்பு எங்கள் பொறுப்பு. விளைச்சல் ஏழைகளுக்கு.

3. ஊருக்கு ஒரு விதைப் பெட்டி. கலப்பின விதையின் காயிலிருந்து எடுத்து முளைக்கவைத்தால் அதே காய் வருவதில்லை, ஒவ்வொரு தரமும் கடைக்குத்தான் போக வேண்டும். நாட்டு வெண்டி, பயிற்றை, கொச்சிக்காய், பசளி, அவரை ஆகியவற்றின் விதையை நன்றாகக் காயவைத்து, சாம்பலில் புரட்டிப் போத்தலில் போட்டு மூன்று வேறு இடங்களில் வைப்போம். எடுத்துக்கொண்டு போகிறவர் விளைந்த பிறகு இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். மரவள்ளித் தடியைப் போத்தலில் வைக்க முடியாது, அது மண்ணில் உயிரோடு நின்றால்தான் விதை. ஆகவே ஒவ்வொரு தெருவிலும் சில மரங்களைக் கிளப்பாமல் விடுவோம்.

4. தெருவுக்கு ஒரு கொப்பி. தனியாக இருக்கிற வயோதிபர், இன்சுலின் எடுக்கிறவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் யார் வீட்டில் என்று அதில் இருக்க வேண்டும். விறகடுப்பு உள்ள வீடு, மாடி உள்ள வீடு, தோணி உள்ள வீடு எது என்றும் இருக்க வேண்டும். வெள்ளம் கழுத்தளவு வந்த பிறகு இதையெல்லாம் வட்சப்பில் கேட்க முடியாது, டவர் வேலை செய்யாது.

5. நிவாரணம் சேர்க்கிற தம்பிமாரே, உங்கள் உழைப்புக்கு அல்லாஹ் கூலி தருவான். அடுத்த தரம் உலருணவுப் பொதிக்குள் ஒரு சின்ன விதைப் பொட்டலமும் வையுங்கள். பருப்பும் சீனியும் பத்து நாளில் முடியும். தண்ணீர் வற்றிய மண்ணில் போட்ட கீரை ஒரு மாதத்தில் வரும்.

"வளவே இல்லாதவன் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகை வீட்டில், இரண்டரை பேர்ச்சஸில் இருக்கிறவரிடம் போய்த் தன்னிறைவு பேசுவது அவரைக் கேலி செய்வது. அவருக்காகத்தான் பள்ளிவாசல் வளவையும் பொதுக் கிணற்றையும் விதைப் பெட்டியையும் கேட்கிறோம். வளவு உள்ளவனின் தோட்டம் வளவு இல்லாதவனையும் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அதுவும் இன்னொரு அரிசி மூட்டைதான், பச்சை நிறத்தில்.

மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மேட்டில் பாத்தி கட்டினால் வெண்டி, பயிற்றை, கீரை எல்லாம் அதற்குள் எடுக்கலாம். மரவள்ளி இந்த மாரிக்கு உதவாது, ஆனால் அடுத்த வருடம் யாருக்கோ உதவும். தடி வேண்டுமானால் எங்கள் பதினாறு வீட்டில் எந்தக் கேட்டைத் தட்டினாலும் கிடைக்கும். காசு வேண்டாம்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு பின்வளவு விசயம் பேசப்படும் என்று அறிகிறோம். சம்மதமானவர்களும் எதிரானவர்களும் வாருங்கள். பெண்களின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய் வாசிப்பதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம், ஏனென்றால் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களும் அந்த ஈரப்பலாவைச் சமைத்தவர்களும் அவர்கள்தான்.

கிணற்றை மூடுவதற்கு முன் ஒரு தரம் எட்டிப் பாருங்கள். அது நிறைய இருக்கிறது.

அல்லாஹ் நம் ஊரையும் நாட்டையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

பகிருங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், மரியாதையாகப் பதில் சொல்வோம்.